ஏழு கண்ணாடி தாண்டி ஒரு குரல்

இராமநாதபுரத்தில் ஒரு காது மூக்கு தொண்டை ஆஸ்பத்திரியில் நான் தியேட்டர் உதவியாளராக இருக்கிறேன். எங்கள் ஆபரேஷன் தியேட்டரின் மூலையில் ஒரு லேசர் மெஷின் நிற்கிறது. இடுப்பு உயரத்தில் ஒரு இரும்புப் பெட்டி, அடியில் நான்கு சக்கரம். பெட்டியின் தலையிலிருந்து நாரையின் கழுத்து மாதிரி மடங்கி மடங்கி நீளும் ஒரு கை. அதைத் துடைப்பது, மேசையருகே தள்ளிக்கொண்டு போவது, முடிந்ததும் கையை மடக்கிக் கொக்கியில் மாட்டி நுனிக்கு மூடி போடுவது எல்லாம் என் வேலை. ஒன்பது வருடமாகச் செய்துவந்தேன். அந்த மெஷினுக்குள் வெளிச்சம் எப்படிப் போகிறது என்று ஒருவரிடமும் கேட்டதில்லை. கேட்க ஆசை உண்டு. வாய் வராது.

சிறு வயதிலிருந்தே நான் அப்படித்தான். பத்தாம் வகுப்பு வரை படித்தேன். வகுப்பில் விடை தெரிந்தாலும் எழுந்து நின்றதில்லை. தியேட்டர் வேலை எனக்குப் பிடித்துப் போனதற்கு அதுவும் ஒரு காரணம். முகத்தை மூடிக்கொண்டு நிற்பவனிடம் யாரும் பதில் எதிர்பார்ப்பதில்லை.

வெளியுலகத்தில் எனக்காகப் பேசியவள் என் மனைவி. சிக்கல் என்ற ஊருக்குப் பக்கத்துக் கிராமத்தில் பிறந்தவள், என் அத்தை மகள். ரேஷன் கடையிலும், குழாயில் தண்ணீர் வராத நாளில் வீட்டுக்காரரிடமும், கலெக்டர் ஆபீசில் மனு கொடுக்கும்போதும் அவள் பேசுவாள். நான் பக்கத்தில் பையைப் பிடித்துக்கொண்டு நிற்பேன். இந்த வேலையைக்கூட அவள்தான் டாக்டரிடம் வந்து கேட்டாள். "இவுகளுக்குப் பேச வராது சார். ஆனா வச்ச சாமான் வச்ச எடத்துல இருக்கும்" என்றாள். டாக்டர் சிரித்துவிட்டு, மறுநாள் வரச் சொன்னார்.

அவள் குரலைப் பற்றிச் சொல்ல வேண்டும். அது இனிமையான குரல் என்று யாரும் சொன்னதில்லை. வெண்கலப் பானையில் கரண்டி பட்டது போல இருக்கும். மிளகாய் மண்டியில் முண்டு மிளகாய் வற்றலைப் பரப்பி வைத்து, வெளுத்ததைப் பொறுக்கி ஒதுக்கும் வேலைக்குப் போனாள். இருபது பெண்கள் உட்கார்ந்து பேசும் அந்தக் கொட்டகையில் அவள் பேச்சு மட்டும் ரோட்டுக்குக் கேட்கும். ஆஸ்பத்திரி முடிந்து சைக்கிளில் வரும் நான் தெருமுனையில் திரும்பும்போது, வீட்டுக்குள்ளிருந்து அவள் யாரையோ அதட்டுவதோ சிரிப்பதோ காதில் விழும். அன்றைக்கு உலகத்தில் எல்லாம் சரியாக இருக்கிறது என்று அர்த்தம்.

அந்தக் குரல் கடந்த மிளகாய் சீசனில் உடைந்தது. முதலில் கரகரத்தது. மிளகாய் நெடி என்று நினைத்தோம். பனங்கற்கண்டும் மிளகும் போட்டுப் பாலைக் குடித்தாள், வெந்நீரில் கொப்பளித்தாள், மண்டிக்குப் போவதை மட்டும் நிறுத்தவில்லை. ஆடி வந்தபோது பாதிச் சொல் காற்றாகத்தான் வந்தது. பிறகுதான் எங்கள் டாக்டரிடம் கூட்டிப்போனேன். டாக்டர் மூக்கு வழியாக மெல்லிய குழாயை விட்டுப் பார்த்தார். வலதுபுறக் குரல்நாணில் தேங்காய்ப் பருப்பின் நிறத்தில் ஒரு வெள்ளைத் திட்டு.

"உரிச்செடுத்து டெஸ்டுக்கு அனுப்பணும்" என்றார் டாக்டர். "லேசர்ல பண்ணிரலாம். மேலாக்க உரிச்சா குரல் மிஞ்சும். கீழ ஒரு மயிரிழை ஆழமாப் போனாலும் அங்கன தழும்பு கட்டிரும். அப்புறம் குரல் தேறுறது கஷ்டம்."

அவள் என்னைப் பார்த்தாள். காற்றுக் குரலில் சொன்னாள்: "என் குரலு போனாப் போகுது சார். இவுக ஊமையாயிருவாக."

டாக்டர் வாய்விட்டுச் சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. அது உண்மை என்று எனக்குத் தெரியும்.

ஆயுத பூஜை கழிந்த மூன்றாம் நாள் ஆபரேஷன் என்று குறித்தார்கள். அன்றிலிருந்து அந்த மெஷினை நான் வேறு மாதிரி பார்க்க ஆரம்பித்தேன். முன்பெல்லாம் அது கழுவிக் கவிழ்க்கும் பாத்திரங்களில் ஒன்று. இப்போது என் வீட்டுக்குள் வரப் போகும் ஒருவர். கண்ணால் பார்த்துத் தெரிந்துகொண்டதையெல்லாம் மனதுக்குள் அடுக்கிப் பார்த்தேன். கையின் நுனியை மைக்ராஸ்கோப்பில் பொருத்துவார்கள். டாக்டர் ஒரு சிறிய குச்சியை விரலால் அசைத்தால் தூரத்தில் ஒரு சிவப்புப் புள்ளி நகரும். காலால் மிதியை அமுக்கினால் அந்தப் புள்ளி இருக்கும் இடம் வெட்டுப்படும். ஈரப் பஞ்சைத் தாண்டி அது போகாது. அதனால் நோயாளியின் முகத்தையும் கண்ணையும் ஈரத் துணியால் மூடுவோம். இவ்வளவுதான் தெரியும். சிவப்பு வெளிச்சம்தான் வெட்டுகிறது என்று ஒன்பது வருடமாக நம்பிக்கொண்டிருந்தேன்.

எங்கள் ஆஸ்பத்திரியில் ஆயுத பூஜையை விடாமல் செய்வோம். சாமான்களைத் துடைத்துச் சந்தனம் குங்குமம் வைப்போம். ஆம்புலன்சுக்கு வாழைக்கன்று கட்டி, பூசணிக்காய் உடைப்போம். தியேட்டருக்குள் புகை கூடாது என்பதால் உள்ளே இருக்கும் மெஷின்களுக்கு சிஸ்டர் ஒருவர் போய்ப் பொட்டு வைத்துவிட்டுக் கதவைச் சாத்திவிடுவார். லேசருக்கும் வருடா வருடம் பெட்டியின் ஓரத்தில் ஒரு பொட்டு. அதோடு சரி.

இந்த வருடம் எனக்கு அது போதவில்லை. பூஜைக்கு ஒரு மணி நேரம் முன்னால் மெஷினைத் தள்ளிக்கொண்டு வராந்தாவுக்கு வந்தேன். பெட்டியைத் துடைத்து மூன்று பட்டை திருநீறு போட்டேன். மடக்கிய கையில் ஒரு முழம் கதம்பத்தைச் சுற்றினேன். சாம்பிராணி புகைந்து, எல்லோரும் கும்பிட்டு முடிந்து, டாக்டர் வீட்டுப் பொரிகடலை பொட்டலம் வாங்க எல்லோரும் முன்னால் போனார்கள். நான் மட்டும் தட்டில் சூடத்தை ஏற்றிக்கொண்டு மெஷினிடம் வந்தேன். அப்போதுதான் கையின் நுனியில் இருந்த கறுப்பு மூடி கண்ணில் பட்டது.

எங்கள் ஊர்க் கோயிலில் திரையை விலக்காமல் தீபம் காட்ட மாட்டார்கள். சாமி பார்க்க வேண்டும். நாம் பார்ப்பதைவிட அதுதான் முக்கியம் என்பார்கள். கண்ணை மூடி வைத்துவிட்டு எதற்குச் சூடம் காட்டுவது என்று எனக்குத் தோன்றியது. மூடியைக் கழற்றினேன். உள்ளே மஞ்சளாக ஒரு கண் இருந்தது. அதற்கு நேராகத் தட்டைப் பிடித்து மூன்று சுற்றுச் சுற்றினேன். சூடம் அணையும் வரை அங்கேயே நின்று வேண்டிக்கொண்டேன். என்ன வேண்டினேன் என்று எழுதக் கூச்சமாக இருக்கிறது. அவளிடம் மெதுவாக நடந்துகொள் என்றுதான்.

திரும்பி வந்த சிஸ்டர் பார்த்துவிட்டார். "என்னண்ணே, லேசருக்கு மட்டும் தனிக் கவனிப்பா? நாளைக்கு எங்க சக்‌ஷன் மெஷின் கோவிச்சுக்கிரும்." நான் சிரித்துக்கொண்டே மூடியைப் போட்டு, மெஷினை உள்ளே தள்ளிக்கொண்டு போனேன்.

மூன்றாம் நாள் காலை அவள்தான் முதல் ஆபரேஷன். பச்சை அங்கியில் மேசையில் படுத்திருந்தாள். கையில் ஊசி ஏற்றியிருந்தார்கள். இன்னும் மயக்க மருந்து போடவில்லை. டாக்டர் வெளித்தொட்டியில் கை கழுவிக்கொண்டிருந்தார். மெஷினைப் போட்டதும் அது தன்னைத்தானே சோதித்துக்கொண்டு, எல்லாம் சரி என்று திரையில் காட்டியது.

ஒவ்வொரு முறையும் நோயாளி மேல் படுவதற்கு முன் ஒரு சோதனை உண்டு. நாக்கை அழுத்திப் பார்ப்பார்களே, அந்த மரக்குச்சியை நனைத்து ஈரத் துணியில் நான் வைப்பேன். சிஸ்டர் சிவப்புப் புள்ளியை அதன் நடுவில் நிறுத்தி மிதியை ஒரு தட்டுத் தட்டுவார். புள்ளி இருந்த இடத்திலேயே ஊசியால் குத்தியது போல ஒரு கறுப்புக் குழி விழும். புள்ளியும் குழியும் ஒன்றின் மேல் ஒன்று இருந்தால் சரி.

அன்றைக்குப் புள்ளி, வியர்வையில் கரைந்த குங்குமம் போல ஓரம் கலைந்து இருந்தது. மிதியைத் தட்டியதும் குழி விழவில்லை. குச்சியில் தீய்ந்த தோசை நிறத்தில் ஒரு தடம் மட்டும்.

"குச்சி ரொம்ப நனைஞ்சிருக்குண்ணே" என்றார் சிஸ்டர். "கொஞ்சம் கூட்டி வைக்கிறேன்." பவரைக் கூட்டி மறுபடி தட்டினார். இந்த முறை கறுத்தது. ஆனால் முன்பு கடுகில் பாதி இருக்கும் இடம் இப்போது முழுக் கடுகுக்கு மேல் இருந்தது. "ம், வருதுல்ல. ஸ்கிரீன்லயும் சரியாத்தான் காட்டுது."

நான் குச்சியைப் பார்த்துக்கொண்டு நின்றேன். ஒன்பது வருடத்தில் எத்தனையோ குச்சிகளைக் குப்பையில் போட்டிருக்கிறேன். இப்படி ஒன்றைப் பார்த்ததில்லை. சூடத் தட்டின் அடியில் படிந்திருந்த கரி நினைவுக்கு வந்தது. வீட்டில் விளக்கேற்றும் மாடத்தின் மேல்சுவர் நினைவுக்கு வந்தது. மஞ்சள் கண்ணுக்கு நேராக நான் காட்டிய சூடம் எங்கே போய்ப் படிந்திருக்கும்? ஒரு மயிரிழை என்று டாக்டர் சொன்ன இடத்தில் இந்தக் கலைந்த புள்ளி போய் உட்காரப் போகிறது.

சொன்னால் வேலை போகும் என்ற பயம் இருந்தது. அதைவிடப் பெரிய பயம், எல்லோரும் திரும்பி என்னைப் பார்ப்பார்களே என்பது. என் மனைவி மேசையில் படுத்திருக்கும்போதுகூட எனக்கு அந்தக் கூச்சம்தான் முன்னால் நின்றது. இதை இப்போது எழுதும்போதும் வெட்கமாக இருக்கிறது. டாக்டர் கையை உயர்த்தியபடி கதவைத் தோளால் தள்ளிக்கொண்டு உள்ளே வந்தார். மயக்க மருந்து டாக்டர் ஊசியைக் கையில் எடுத்தார்.

"வேணாம் சார்" என்றேன்.

என் குரல் அவ்வளவு பெரியது என்று எனக்கே தெரியாது. சுவரில் பட்டு எதிரொலித்தது.

"யாரு பேசுனது?" என்றார் டாக்டர்.

"அண்ணன்தான் சார்" என்றார் சிஸ்டர்.

"இவரா? பேச வருமா இவருக்கு?"

"லென்சுல பொகை அடிச்சிருக்கு சார்" என்றேன். "நான்தான் சார். ஆயுத பூசைக்கு மூடியக் கழட்டிச் சூடம் காட்டிட்டேன்."

டாக்டர் குச்சியைப் பார்த்தார். இன்னொரு குச்சியை வைக்கச் சொல்லித் தானே ஒருமுறை மிதித்துப் பார்த்தார். பிறகு நுனியைக் கழற்றச் சொல்லி, சிஸ்டர் அதை விளக்குக்கு நேராகப் பிடிக்க, குனிந்து பார்த்தார்.

"கல்யாண வீட்டு அடுப்பாட்டம் இருக்கே. யோவ், பூசை போட்டியா, திருஷ்டி கழிச்சியா?"

நான் தலையைக் குனிந்துகொண்டேன். மேசையிலிருந்து காற்றாக ஒரு குரல் வந்தது.

"சார். கல்யாணம் ஆகி இருபத்தோரு வருசமா வாயத் தொறக்காத மனுசன். நான் வாயப் பொளந்து படுத்த அன்னைக்குத் தொறந்திருக்காக. மெஷின் கெடக்கட்டும், இவுகளுக்குச் சுத்திப் போடணும்."

சிஸ்டர்கள் சிரித்துவிட்டார்கள். டாக்டர் சிரிக்கவில்லை என்றாலும் அவர் கண் சுருங்கியது முகக்கவசத்துக்கு மேல் தெரிந்தது. "இன்னைக்கு வேணாம். அந்தம்மாவ வார்டுக்குக் கொண்டு போங்க. மதுரைலருந்து ஆளு வரட்டும். என்னென்ன செஞ்சேன்னு நீயே அவருட்ட சொல்லு" என்றார். அதற்கு மேல் ஒரு சொல் திட்டவில்லை. திட்டியிருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும்.

இரண்டு நாள் கழித்து, காலை ரயிலில் மதுரையிலிருந்து இன்ஜினியர் வந்தார். என்னைவிட இருபது வயது சிறியவர். நடந்ததை நான் சொன்னேன். அவர் கேலி செய்யவில்லை.

"மூடிய எதுக்குண்ணே கழட்டுனீங்க?"

"கண்ணத் தொறந்து வச்சுத்தான தம்பி தீபம் காட்டணும்?"

"அது சரி. எங்க வீட்ல கம்ப்யூட்டருக்கு அம்மா பொட்டு வச்சா, சந்தனம் வழிஞ்சு கேமராவ மூடிரும். நான் அத வெளிய சொல்றதில்ல." அவர் பெட்டியின் பக்கத்துத் தகட்டைக் கழற்றினார். "வாங்க, உங்க சாமிய உள்ள இருந்து பாப்போம்."

அன்றைக்குத்தான் வெளிச்சத்தின் வழியைப் பார்த்தேன். உள்ளே நீளமாக ஒரு குழாய், வாய் அடைத்தது. அதற்குள் நாம் மூச்சு விடும் கரியமில வாயுவும் வேறு இரண்டு வாயுவும் இருக்கின்றன. மின்சாரம் பாய்ந்ததும் அந்த வாயுவிலிருந்து வெளிச்சம் கிளம்புகிறது. குழாயின் இரண்டு முனையிலும் எதிரெதிராக ஒரு கண்ணாடி, முகம் பார்க்கும் கண்ணாடி போல. வெளிச்சம் இந்தக் கண்ணாடிக்கும் அந்தக் கண்ணாடிக்கும் ஓடி ஓடித் திரும்பி, ஒவ்வொரு ஓட்டத்திலும் பெருகுகிறது. ஒரு கண்ணாடி எல்லாவற்றையும் திருப்பிவிடும். மற்றது கொஞ்சத்தை மட்டும் வெளியே விடும். அந்தக் கொஞ்சம்தான் வேலை செய்கிறது.

"அது செவப்புத்தான தம்பி?" என்று கேட்டேன். ஒன்பது வருடத்துக் கேள்வி.

"இல்லண்ணே. அது கண்ணுக்கே தெரியாது. அடுப்புக்குப் பக்கத்துல நின்னா சூடு தெரியும்ல, அந்தச் சாதி. செவப்பு வேற. அது சும்மா வழிகாட்டி, எறும்பக்கூடச் சுடாது." குழாயின் வாசலில் சாய்வாக நின்ற ஒரு சிறு வில்லையைக் காட்டினார். "இது வழியா அந்தத் தெரியாத வெளிச்சம் நேராப் போகும். பக்கவாட்டுல வர்ற செவப்பு இதுல பட்டுத் திரும்பி, அதே பாதையில சேர்ந்துக்கிரும். இங்கனருந்து ரெண்டும் ஒண்ணாத்தான் போகணும். செவப்பு விழுற எடத்த நம்பித்தான் டாக்டர் மிதிக்கிறாரு."

பிறகு கை. நான் தினமும் மடக்கி மாட்டும் கை. உள்ளே வெறும் வெற்றுக்குழாய்தான். ஒவ்வொரு மூட்டிலும் நாற்பத்தைந்து டிகிரி சாய்வில் ஒரு கண்ணாடி, மொத்தம் ஏழு. வெளிச்சம் ஒரு கண்ணாடியின் நடுவில் பட்டுத் திரும்பி அடுத்ததின் நடுவுக்குப் போகும். கையை எப்படித் திருப்பினாலும் மடக்கினாலும், மூட்டோடு கண்ணாடியும் சேர்ந்து திரும்புவதால் வெளிச்சம் குழாயின் நடுவை விட்டு விலகாது. முதல் கண்ணாடி ஒரு இம்மி அசைந்திருந்தால் ஏழாவதில் அது விரற்கடை ஆகிவிடும் என்றார். சூடு பட்டால் கறுக்கும் தாளை ஒவ்வொரு மூட்டிலும் வைத்துத் தட்டித் தட்டிப் பார்த்தார். ஏழு தாளிலும் நடுவில் வட்டமாகக் கறுத்தது.

"கை சுத்தமா இருக்குண்ணே. நீங்க இத்தன வருசம் தட்டாம முட்டாம வச்சிருக்கீங்க. கோளாறு வாசல்ல மட்டுந்தான்."

கடைசியாக நுனியைப் பிரித்தார். மஞ்சள் லென்ஸ் ஒரு வெள்ளைத் தாளில் வந்து உட்கார்ந்தது. வெல்லப்பாகின் மஞ்சள். அதன் மேல் மை தீட்டியது போலப் புகை. "இது கண்ணாடிச் சில்லு இல்ல. கண்ணாடிய இந்த வெளிச்சம் தாண்டாது. இது வேற பொருளு. பரந்து வர்ற வெளிச்சத்த இதுதான் கூட்டி, ஒரு முழம் தள்ளி ஒரே புள்ளியா ஆக்குது. கரி படிஞ்சா கரி சூட்டக் குடிக்கும், லென்ஸ் சூடாகி வளையும், புள்ளி கலைஞ்சிரும். பவரக் கூட்டினா இன்னும் மோசம். வெடிச்சிருக்கலாம்." லென்சுக்குக் கீழே, டாக்டரின் விரலுக்கு அசையும் கடைசிச் சிறு கண்ணாடி இருந்தது. அதிலும் புகை. மெஷின் ஓடும்போது கையின் வழியே சுத்தமான காற்று வெளியே தள்ளிக்கொண்டே இருக்குமாம்; பூஜையன்று மெஷின் ஓடாததால் புகை தடையில்லாமல் உள்ளே போயிருக்கிறது.

"அப்ப ஸ்கிரீன்ல எப்பிடித் தம்பி சரின்னு காட்டுச்சு?"

"அது பெட்டிக்குள்ளயே அளந்துக்கிரும்ணே. கெளம்பும்போது சரியாத்தான் கெளம்பியிருக்கு. வழியில என்ன ஆச்சுன்னு பெட்டிக்குத் தெரியாது."

அந்தப் பதிலை நான் பல நாள் நினைத்துக்கொண்டிருந்தேன்.

மருந்து நனைத்த தாளை லென்சின் மேல் போட்டு, தேய்க்காமல் ஒரே இழுப்பாக இழுத்தார். நான்கு தாள் கறுத்த பிறகும் நடுவில் ஒரு பொட்டுப் போகவில்லை. சிஸ்டர் கூட்டி வைத்து மிதித்தபோது விழுந்த காயம். லென்சை மாற்றினார், சிறு கண்ணாடியைத் துடைத்தார். மரக்குச்சியை நான் நனைத்து வைத்தேன். புள்ளி விழுந்தது. அதன் மேலேயே குழி விழுந்தது. பார்த்துக்கொண்டே இருந்தேன்.

அடுத்த வாரம் ஆபரேஷன். உள்ளே நிற்கிறாயா வெளியே போகிறாயா என்று டாக்டர் கேட்டார். நிற்கிறேன் என்றேன். அவள் முகத்தை ஈரத் துணியால் மூடியது நான்தான். திரையில் அவள் தொண்டைக்குள் இரண்டு வெள்ளை நாடாக்கள் தெரிந்தன. நகத்தின் நீளம்கூட இருக்காது. ரோட்டைத் தாண்டிப் போன அந்தச் சத்தம் இவ்வளவு சின்ன இடத்தில் இருந்திருக்கிறது. சிவப்புப் புள்ளி திட்டின் ஓரத்தில் போய் நின்றது. டாக்டர் மிதித்தார். சின்னதாகப் புகை எழுந்து, குழாய் அதை உறிஞ்சிக்கொண்டது. புள்ளி ஒரு அடி எடுத்து வைத்தது. மறுபடி நின்றது. எறும்பு ஒன்று கோலத்தின் கோட்டிலேயே நடப்பது போல இருந்தது.

இரண்டு வாரம் பேசக் கூடாது, குசுகுசுவென்றும் பேசக் கூடாது என்றார் டாக்டர். காலண்டர் தாள்களின் பின்பக்கத்தில் எழுதிக் காட்டினாள். எட்டாவது வரை படித்தவள். எழுத்திலும் அதே அதட்டல். நான் வைத்த குழம்பை ருசி பார்த்துவிட்டு, "குழம்புக்கு உப்பு போட்டது யாரு, கடலா?" என்று ஒரு தாள். நான் வேலைக்குக் கிளம்பும்போது டம்ளரைக் கரண்டியால் தட்டிக் கூப்பிட்டு மறந்த சாப்பாட்டைக் காட்டுவாள். பக்கத்து வீட்டு அக்கா கீழக்கரைக்காரர், கணவர் துபாயில் இருக்கிறார். "அஞ்சு வக்துத் தொழுகையிலயும் துஆ கேக்குறேன் தம்பி. அவ சத்தமில்லாம எங்களுக்கே வீடு வெறிச்சுன்னு கெடக்கு" என்றார். எனக்கு எப்படி இருக்கும் என்று அவர் கேட்கவில்லை. நல்லவேளை.

ஏனென்றால் அதைச் சொல்ல எனக்குத் தெரியாது. அவள் எதிரில்தான் உட்கார்ந்திருந்தாள். சாப்பாடு போட்டாள், முறைத்தாள். ஆனாலும் அவள் வெளியூர் போயிருப்பது போலவும் திரும்பி வரும் தேதி தெரியாதது போலவும் இருந்தது. சைக்கிளைத் திருப்பும்போது காது தானாகக் கூர்மையாகும். மிக்ஸி சத்தம் கேட்கும், அடுத்த வீட்டு டிவி கேட்கும். அவ்வளவுதான். அவள் குரலை மனதுக்குள் ஒருமுறை கேட்டுப் பார்க்கலாம் என்று கண்ணை மூடினால், சொற்கள் வந்தன, சத்தம் வரவில்லை. இருபத்தோரு வருடம் கேட்டதை நான் ஒருநாளும் கவனித்துக் கேட்டு வைத்துக்கொள்ளவில்லை.

பத்தாம் நாள் சோதனை முடிவு வந்தது. பயப்படும்படி ஒன்றும் இல்லை, ஆறு மாதத்துக்கு ஒருமுறை பார்த்துக்கொண்டால் போதும் என்று இருந்தது. பதினைந்தாம் நாள் டாக்டர் அறையில் அவளை உட்கார வைத்து, "ம், பேசும்மா" என்றார்.

அவள் என்னைப் பார்த்தாள். "என்னத்தப் பேச?" என்றாள்.

மெல்லிய, ஓரத்தில் காற்று கலந்த குரல். அவளுடைய தூரத்துச் சொந்தம் யாரோ பேசுவது போல இருந்தது. டாக்டர் குழாயை விட்டுப் பார்த்து, "சூப்பரா ஆறியிருக்கு. நான் எதிர்பார்த்ததவிட நல்லா வந்திருக்கு குரலு" என்று என் தோளைத் தட்டினார். "இனிமே மண்டி வேணாம். கத்தக் கூடாது, உரக்கக் கூப்பிடக் கூடாது. இத அப்பிடியே காப்பாத்திக்கோங்க." அவர் சொன்னது உண்மை. கலைந்த புள்ளி பட்டிருந்தால் இதுவும் இருந்திருக்காது. நான் கும்பிட்டேன். வெளியே வந்து குழாயடியில் முகத்தைக் கழுவிக்கொண்டே நின்றேன்.

போன மாதம் சிக்கலுக்கு அவள் தம்பி மகளின் காதுகுத்துக்குக் கிளம்பினோம். இராமநாதபுரம் பஸ் ஸ்டாண்டில் என்னை ஏறி இடம் பிடிக்கச் சொல்லிவிட்டு, எதிர்ப்புறம் பூ வாங்கப் போனாள். நான் துண்டைப் போட்டு அவளுக்கு இடம் வைத்து, ஜன்னல் பக்கம் உட்கார்ந்திருந்தேன். டிரைவர் ஏறினார். கண்டக்டர் விசில் கொடுத்தார். பஸ்ஸுகளுக்கு நடுவே அவள் ஓடி வருவது தெரிந்தது. கையை ஆட்டினாள். வாய் திறந்து மூடியது. மறுபடி திறந்து மூடியது. ஹாரன் சத்தத்தில் எதுவும் இந்தப் பக்கம் வந்து சேரவில்லை.

நிறுத்துங்க என்று ஒரு சத்தம் போட்டிருக்கலாம். ஐம்பது பேர் திரும்பிப் பார்ப்பார்கள். நான் இரண்டு பையையும் எடுத்துக்கொண்டு, நகரும் பஸ்ஸிலிருந்து ஒன்றும் சொல்லாமல் இறங்கிவிட்டேன். பஸ் போய்விட்டது.

அவள் மூச்சு வாங்க வந்து நின்றாள். "நிப்பாட்டச் சொல்ல வேண்டியதுதான? வாய்ல என்ன கொழுக்கட்டையா?"

நான் இரண்டு பையையும் கீழே வைத்தேன்.

"நான் கூப்பிட்டது கேட்டுச்சா மச்சான்?"

கேட்டது என்று சொல்லலாமா என்று யோசித்தேன். "இல்ல" என்றேன்.

சிமெண்ட் பெஞ்சில் உட்கார்ந்தோம். பூப் பொட்டலத்தை மடியில் வைத்துக்கொண்டு அவள் கொஞ்ச நேரம் பஸ்களைப் பார்த்தாள். "உள்ளுக்குள்ள பழைய மாதிரிதான் கூப்பிடுறேன்" என்றாள். "வெளிய வரயில இப்பிடி ஆயிருது. எனக்கே மறந்துக்கிட்டு வருது மச்சான். எப்பிடி இருந்துச்சு என் குரலு? நீங்கதான கேட்டீக, சொல்லுங்க."

பக்கத்தில் ஆட்கள் இருந்தார்கள். அவள் விடவில்லை, முழங்கையால் இடித்தாள். குனிந்துகொண்டு, அவளுக்கு மட்டும் கேட்கும்படி சொன்னேன்.

"கல்யாணத்துக்கு முன்னாடி, நீ கம்மாக்கரையில எருமைய வெரட்டிட்டு ஒரு சத்தம் குடுத்த. நான் அக்கரையில நின்னேன். கையில இருந்த தூக்குச்சட்டி கீழ விழுந்துருச்சு."

"அம்புட்டுச் சத்தமாவா?"

"அம்புட்டுச் சத்தம்."

"சத்தத்துக்கா விழுந்துச்சு? ஆளப் பாத்துல்ல விழுந்துச்சு."

அவள் சிரித்தாள். சிரிப்பாவது பழையபடி வரும் என்று நான் இத்தனை நாளும் காத்திருந்தேன். தோள் குலுங்கியது, கண்ணில் நீர் வந்தது, பூப் பொட்டலம் மடியிலிருந்து சரிந்தது. சத்தம் மட்டும் வரவில்லை. நான் அவள் பக்கமாக இன்னும் கொஞ்சம் நகர்ந்து உட்கார்ந்து, காதைக் கொடுத்தேன்.